இல்லத்தில் வளரும் பிள்ளைகளை இன்னும் விரைவாக வீட்டுக்கு அனுப்ப என்ன செய்யலாம்?

கேள்வி
(குழந்தைகள் இல்ல ஆற்றுப்படுத்துநர், மதுரை வட்டாரம்)

வணக்கம். பெண் குழந்தைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக (மனநல ஆலோசகராக) பணியாற்றி வருகிறேன். இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்ற இல்லம் இது. பிள்ளைகள் அனைவரும், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடுதான் எங்களிடம் வருகிறார்கள். உணவிலும் படிப்பிலும் மருத்துவத்திலும் குறை வைப்பதில்லை. ஆனால் எங்களிடம் இருக்கும் பிள்ளைகளில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் மிகச் சிலரே என்பது என்னை நாள்தோறும் உறுத்துகிறது. மற்றவர்களுக்குத் தாயோ பாட்டியோ சித்தியோ இருக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன தாய், குடிகாரக் கணவரை விட்டு விலகி அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் தாய், செங்கல் சூளைக்குப் போகும் இடத்தில் மகளின் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சிக் கொண்டுவந்து விட்ட தாய் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துவிட்டாலும், பிள்ளை மட்டும் பல ஆண்டுகள் இங்கேயே தங்கிவிடுகிறாள்.

தாயிடம் பேசினால், "பத்தாவது முடிக்கட்டும், பிறகு கூட்டிக்கொண்டு போகிறேன்" என்கிறார். பத்தாவது முடிந்தால் பன்னிரண்டாவது வருகிறது. அவர் சொல்வதை அலட்சியமாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய பெண்களில் சிலர் படிப்பை விட்டதையும், ஒருத்திக்குப் பதினாறு வயதிலேயே திருமணப் பேச்சு எழுந்ததையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் பிள்ளைகள் சாப்பிட மறுத்து மூலையில் உட்கார்ந்திருப்பதையும் நான்தான் பார்க்கிறேன்.

எந்தக் கட்டத்தில், எந்த வரிசையில், யாரை வைத்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்? "இந்தப் பிள்ளை இந்த மாதத்துக்குள் வீட்டுக்குப் போகலாம்" என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது சரியா, அல்லது அது பிள்ளையை ஆபத்தில் தள்ளுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
(குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் உறுப்பினர்)

சகோதரி, கெடு வைப்பது சரி மட்டுமல்ல, சட்டமே அதைத்தான் எதிர்பார்க்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, நிறுவனப் பராமரிப்பைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. 36-ஆம் பிரிவின்படி சமூக விசாரணை, அதாவது குழந்தையின் குடும்பச் சூழலைப் பற்றிய விசாரணை, பதினைந்து நாட்களுக்குள் முடிய வேண்டும். குழந்தை முதன்முதலாக முன்னிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். 40-ஆம் பிரிவு, குழந்தையைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதையும் பாதுகாப்பதையும் குழந்தைகள் இல்லத்தின் முதன்மை நோக்கம் என்றே சொல்கிறது. நல்ல சோறும் நல்ல பள்ளியும் தருவது இல்லத்தின் கடமைதான்; ஆயினும் இல்லம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில் இதுவே.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வரலாறும் உண்டு. மாமல்லபுரம் பகுதியில் ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007-இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு இல்லக் குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் 2017 டிசம்பர் 31-க்குள் தயாராக வேண்டும் என்பது அதில் இட்ட கட்டளைகளுள் ஒன்று. ஆனால் பல இல்லங்களில் அந்தத் திட்டம் என்பது ஆய்வுக்கு வருவோருக்குக் காட்டும் படிவமாகவே இருக்கிறது. உயரம், எடை, படிக்கும் வகுப்பு, பொழுதுபோக்கு எல்லாம் அதில் நிரப்பப்பட்டிருக்கும். "குழந்தை வீட்டுக்குப் போக என்னென்ன மாற வேண்டும்" என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடமிருக்காது.

என் பார்வையில் தாமதத்தின் வேர் சேர்க்கை நாளிலேயே இருக்கிறது. "தாயால் பராமரிக்க இயலவில்லை" என்ற ஒரு வரியோடு குழந்தை உள்ளே வருகிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் எந்த வேலையும் செய்ய இயலாது. ஏன் இயலவில்லை என்பதைக் கையில் பிடிக்கும் அளவுக்கு உடைத்து எழுத வேண்டும். தாய் இரவுப் பணிக்குப் போவதால் பிள்ளை தனியே இருக்கிறதா? வீட்டு வாடகைக்கு முன்பணம் இல்லையா? தாய்க்குக் காசநோய் சிகிச்சை நடக்கிறதா? மாமன் வீட்டில் இடம் கிடைத்தும் பிள்ளையை ஏற்க மறுக்கிறார்களா? இப்படி எழுதிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு மாதத்தையும் குறிக்கலாம். சிகிச்சை முடியும் மாதம் தெரியும். அந்த மாதமே திரும்புவதற்கான கெடுவாகிறது. குடும்பத்தில் எதுவும் மாறாமல் கெடு மட்டும் வந்துவிட்டால்தான் நீங்கள் அஞ்சுகிற ஆபத்து நேரும்.

இதில் வறுமையையும் ஆபத்தையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவோ, திரும்பிச் செல்வதைத் தடுக்கவோ கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. அடி, பாலியல் தொல்லை, கட்டாய வேலை போன்றவை இருந்த வீடு என்றால் அது வேறு கணக்கு. அங்கே அவசரம் காட்டக் கூடாது. உங்கள் பதிவேட்டை எடுத்து இந்த ஒரு கண்ணோட்டத்தில் மட்டும் பிரித்துப் பாருங்கள். வறுமையால் மட்டும் வந்த பிள்ளைகளே பெரும்பகுதியாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதலில் தொடங்க வேண்டியது அவர்களிடமிருந்துதான்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ், இல்லத்தில் இருக்கும் ஒரு குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மானியம். அதே குழந்தை குடும்பத்தில் இருந்தால் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட தாய், கடும் நோயுற்ற பெற்றோர், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற குழந்தை எனப் பல நிலைகளுக்கு இது பொருந்தும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படாமல் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது; பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளும் அதற்குரியவர்கள். எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இந்தத் தொகை ஏழைத் தாய்க்குச் சிறியதன்று. ஆனால் அதைப் பெறுவதற்கான சான்றுகள்தான் அவரைத் தோற்கடிக்கின்றன. வருமானச் சான்று, ஆதரவற்ற விதவைச் சான்று அல்லது கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்று, குழந்தையின் ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து இ-சேவை மையத்துக்குப் போகும் தாய், ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டால் மறுமுறை போகமாட்டார். உங்கள் இல்லத்தின் சமூகப் பணியாளர் அவரோடு உடன் போய், கையோடு முடித்துக்கொடுத்தால், அந்த ஒரு நாள் வேலை ஒரு பிள்ளையின் பல மாதங்களைக் காப்பாற்றும்.

சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நன்னடத்தை அலுவலர், சமூகப் பணியாளர் அல்லது தொண்டு நிறுவனத்தின் அறிக்கையின் பேரில், நிபந்தனைகளோடும் மேற்பார்வையோடும்கூடக் குழந்தையைப் பெற்றோருடன் வாழ அனுமதிக்கலாம் என்று 97-ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தை வேறு மாவட்டத்தைச் சேர்ந்தது என்றால் அதன் சொந்த மாவட்டக் குழுவிடம் ஒப்படைக்க 95-ஆம் பிரிவு வழி செய்கிறது. இராமநாதபுரத்துப் பிள்ளை சென்னைக்கு அருகே ஓர் இல்லத்தில் இருந்தால் தாய் எப்படி வந்து பார்ப்பார்? பார்க்காத தாயை "அக்கறையில்லாதவர்" என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது! வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான் சீக்கிரம் வீடு போய்ச் சேருகிறது.


மறுமொழி 2
(இல்லத்தில் வளர்ந்தவர், தற்போது கோயம்புத்தூரில் பணியில் உள்ளவர்)

மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இல்லத்தில் வளர்ந்தவன் நான். என்னை வளர்த்தவர்கள் மீது எனக்கு அன்பும் நன்றியும் உண்டு; அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் சட்டத்தையும் திட்டங்களையும் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

எனக்கு எப்போது வீடு என்று யாரும் சொன்னதில்லை. "நன்றாகப் படி, அம்மா வருவார்" என்பார்கள். படித்தேன், மதிப்பெண் நன்றாக வந்த ஆண்டிலும் அம்மாவால் வர முடியவில்லை என்றபோது, நான் ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அம்மா கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார், அது முடிந்ததும் வாடகைக்கு வீடு பார்ப்பார் என்று யாராவது எனக்குப் புரியும்படி சொல்லியிருந்தால், அந்தக் காத்திருப்பை என்னால் தாங்கியிருக்க முடியும். பிள்ளைகளுக்குப் பராமரிப்புத் திட்டம் எழுதும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

இரண்டாவது, உடன்பிறப்புகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இல்லங்கள் தனித்தனி என்பதால் என் தங்கை வேறு ஊரில் வளர்ந்தாள். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தோம். வீடு திரும்பியபோது அம்மாவோடு பழகியதைவிட என் தங்கையோடு பழகத்தான் எனக்கு நாளானது. வாரம் ஒரு தொலைபேசி அழைப்பாவது இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது. தொலைபேசியில் பேசினால் பிள்ளைகள் அழுவார்கள், படிப்பில் கவனம் போய்விடும் என்று பல இல்லங்களில் அதைக் குறைக்கிறார்கள். அழட்டும் ஐயா. அழுகிற பிள்ளைக்கு வீட்டு நினைவு இருக்கிறது என்று பொருள். அழுகையை நிறுத்திவிட்ட பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது, ஊரில் நமக்கான இடம். நான் திரும்பியபோது குடும்ப அட்டையில் என் பெயர் இல்லை. பக்கத்துத் தெருப் பையன்கள் யாரையும் தெரியாது. சமைக்கத் தெரியாது, கடையில் பேரம் பேசத் தெரியாது, பேருந்தில் தனியே போகப் பயமாக இருந்தது. இல்லத்தில் எல்லாமே மணி அடித்தால் நடக்கும். வீட்டில் மணி கிடையாது. கோடை விடுமுறையில் மட்டுமல்லாமல், பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் உறவினர் திருமணத்துக்கும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், கடைசியாகத் திரும்பும் நாள் இன்னொரு பயணமாக இருக்கும். அந்நிய ஊருக்குள் நுழைவது போல இருக்காது.


மறுமொழி 3
(குடும்ப மறுஇணைப்புப் பணியில் உள்ள களப்பணியாளர், விழுப்புரம் மாவட்டம்)

மேலே தம்பி எழுதியதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 98-ஆம் பிரிவின்படி தேர்வு, உறவினர் திருமணம், நெருங்கியவரின் இறப்பு, பெற்றோரின் கடும் நோய் போன்ற தருணங்களில், பயண நாட்கள் நீங்கலாகப் பொதுவாக ஏழு நாட்கள் வரை மேற்பார்வையோடு குழந்தைக்கு விடுப்பு தரலாம். இந்த விடுப்புகளைச் சலுகையாகக் கருதாமல், குடும்பத்தின் நிலையை அறியும் வாய்ப்பாகப் பயன்படுத்த வேண்டும். பிள்ளை திரும்பி வந்ததும் யார் சமைத்தார்கள், எங்கே படுத்தாய், பகலில் யார் வீட்டில் இருந்தார்கள், யாரைப் பார்த்தால் பயமாக இருந்தது என்று பொறுமையாகக் கேட்டால், வீட்டுக்கு நேரில் போய் எழுதும் அறிக்கையைவிடக் கூடுதலாகத் தெரிய வரும்.

அவசரத்தின் விலையை 2020-இல் நாடே பார்த்தது. கொரோனா பரவியபோது இல்லங்களிலிருந்து மிகப் பெரிய எண்ணிக்கையில் குழந்தைகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில் உள்ள இல்லக் குழந்தைகளை நூறு நாட்களுக்குள் குடும்பங்களோடு சேர்க்க வேண்டும் என்று எழுதியது. ஒவ்வொரு குழந்தையின் நிலையும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டும் என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு. டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வீடு திரும்பிய குழந்தைகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் வழங்குமாறு மாநிலங்களைப் பணித்தது. நோக்கம் சரியாக இருந்தாலும், நூறு நாள் என்ற ஒரே அளவு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. சிலருக்கு முப்பது நாள் போதும். சிலருக்கு ஓராண்டுகூட வேண்டியிருக்கும். அதனால் கெடுவைக் குழந்தைவாரியாக வையுங்கள். மாவட்டவாரியாகவோ இல்லவாரியாகவோ வைக்காதீர்கள்.

இப்போது "பத்தாவது முடியட்டும்" என்ற தாய்க்கு வருகிறேன். அவருடைய அச்சம் உண்மையானது. ஊர்ப் பள்ளி தொலைவில் இருக்கலாம், மாலையில் பாடம் சொல்லித்தர ஆளில்லாமல் இருக்கலாம், வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாமல் இருக்கலாம். "சட்டப்படி நீங்கள் அழைத்துப் போக வேண்டும்" என்று சொன்னால் அவர் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். அதற்கு மாறாக, எந்த வகுப்பில், எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று குறிப்பாகப் பேச வேண்டும். பள்ளி மாறுவதற்கு உகந்த நேரம் கல்வியாண்டின் தொடக்கம். எனவே ஜூனில் வீடு திரும்ப வேண்டிய பிள்ளைக்கு, ஜனவரியிலேயே வேலை தொடங்கிவிட வேண்டும்: ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்ப்பது, மாற்றுச் சான்றிதழுக்கும் எமிஸ் (பள்ளி மாணவர்களின் இணையப் பதிவேடு) பதிவை மாற்றுவதற்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது, இலவசப் பேருந்துப் பயண அட்டைக்கு ஏற்பாடு செய்வது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு என்பதைப் பல தாய்மார்களிடம் நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதிகாலையில் கூலி வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அது பெரிய நிம்மதி. பெண் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருமணப் பேச்சை எடுக்கும் உறவினருக்குத் தாய் சொல்ல ஒரு பதில் கிடைக்கிறது.

குழந்தைத் திருமண அச்சத்தை அதோடு விட்டுவிடவும் கூடாது. வீடு திரும்பிய பெண்ணின் பெயரைக் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கும் வகுப்பாசிரியருக்கும் தெரியப்படுத்துங்கள். அதைப் பெண்ணின் தன்மானம் குறையாத வகையில், தேவைப்படும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெண்ணுக்கு மனப்பாடமாக்குங்கள். தொடர்ந்து பள்ளிக்கு வராமல் போனால் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதை, பெண் வீட்டுக்குப் போகும் முன்பே பேசி வையுங்கள். நான் பார்த்தவரை படிப்பு நின்ற பிறகுதான் திருமணப் பேச்சு வலுக்கிறது. வருகைப் பதிவேட்டில் விழும் இடைவெளியே முதல் எச்சரிக்கை.

திரும்பிய பின் முதல் மூன்று மாதங்கள்தான் கடினமானவை. முதல் வாரம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு பிள்ளை எரிந்து விழும்; இல்லத்தில் மூன்று வேளையும் நேரத்துக்குக் கிடைத்த சாப்பாட்டைச் சொல்லிக்காட்டும்; தாய் மனமுடைந்து, "அங்கேயே இருந்திருக்கலாம்" என்பார். அந்த வாரத்தில் நீங்கள் ஒருமுறை வீட்டுக்குப் போய் இருவரோடும் உட்கார்ந்து பேசினால் போதும், பெரும்பாலும் சமாளித்துக்கொள்வார்கள். யாரும் போகவில்லை என்றால் பிள்ளை மறுபடியும் இல்லத்துக்கே வந்துவிடும். இரண்டாம் முறை இல்லத்துக்கு வரும் பிள்ளையை மீண்டும் அனுப்புவது எத்தனை கடினம் என்பதை அனைவரும் அறிவீர்கள். எனவே பின்தொடர் வருகைக்கான பயணச் செலவை இல்லத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். நன்கொடையாளர்கள் ஒரு வேளைச் சோற்றுக்குப் பணம் தருவார்கள். பேருந்துச் சீட்டுக்குத் தரமாட்டார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வதும் நம் வேலைதான்.


மறுமொழி 4
(சிறுவர் பராமரிப்புத் துறையில் பணியாற்றுபவர், மட்டக்களப்பு)

நன்கொடையாளர்களைப் பற்றிய பேச்சு வந்ததால் இலங்கையிலிருந்து நானும் எழுதுகிறேன். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்திலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் ஏராளமான சிறுவர் இல்லங்கள் எழுந்தன. அன்று அவை உயிர்காத்த இடங்கள். போர் 2009-இல் முடிந்து இத்தனை ஆண்டுகளான பின்னும், தாயோ தந்தையோ உயிரோடு இருக்கும் பிள்ளைகள் அங்கே தொடர்ந்து சேர்க்கப்படுகிறார்கள். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாட்டுக்குப் போயிருப்பார். தந்தை மறுமணம் செய்திருப்பார். அம்மம்மாவுக்கு முடியாமல் போயிருக்கும். இங்கேயும் "சாதாரண தரப் பரீட்சை (உங்கள் பத்தாவது பொதுத்தேர்வு போன்றது) முடியட்டும்" என்பதே வழமையான பதில்.

இலங்கையில் சிறுவர்களுக்கான மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை 2019-இல் வந்தது. குடும்பத்தைப் பலப்படுத்துவதே முதல் வழி, நிறுவனம் இறுதி வழி என்பதே அதன் சாரம். ஆனால் பணம் அந்தத் திசையில் ஓடவில்லை. புலம்பெயர்ந்த எம் உறவுகள் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லங்களுக்கு உணவு வழங்குகிறார்கள், கட்டடம் கட்டித் தருகிறார்கள். அவர்களுடைய அன்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் கட்டடம் பெரிதானால் அதை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள் என்பதை எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் பிள்ளையை வளர்க்கப் போராடும் தாய்க்கு எதுவும் கிடைக்காமல், இல்லத்தில் விட்டால் மட்டும் புத்தகப்பையும் சைக்கிளும் ஆங்கில வகுப்பும் கிடைக்கும் என்றால், அந்தத் தாய் எதைத் தெரிவு செய்வார்?

எங்கள் பகுதியில் சில இல்லங்கள் மெல்லத் தம்மை மாற்றிக்கொண்டு வருகின்றன. பிள்ளைகள் இரவில் தத்தம் வீட்டில் உறங்குவார்கள். பாடசாலை விட்டதும் இல்லத்துக்கு வந்து சாப்பிட்டு, படித்து, தாய் வேலையால் வரும் நேரத்துக்கு வீடு போவார்கள். அதே சமையலறை, அதே ஆசிரியர், அதே நன்கொடை. தாய்மாரில் பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது பிற்பகல் இரண்டு மணி தொடக்கம் மாலை ஆறு மணி வரைக்குமான பாதுகாப்பு மட்டுமே என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. நன்னடத்தை உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர் மூவரும் ஒரே மேசையில் இருந்து ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசினால், அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு முதல் வீட்டுத்திட்டம் வரை எது விடுபட்டிருக்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். உங்கள் இல்லம் நகரத்துக்குள் இருந்து, பிள்ளைகளின் குடும்பங்களும் அருகிலேயே இருந்தால், இதை நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள் தங்கச்சி. பணியாளர்களுக்கும் வேலை போய்விடும் என்ற பயம் வராது.


கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. பதிவேட்டைப் பிரித்துப் பார்க்கும் வேலையை இன்றே தொடங்கியிருக்கிறேன். வறுமையால் மட்டும் வந்தவர்கள் என்று தனியே வைத்த தாள்கள் நான் நினைத்ததைவிட அதிகமாக இருக்கின்றன. பிற்பகல் மையம் பற்றி எங்கள் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லப் போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. வீட்டில் உண்மையிலேயே ஆபத்து இருந்த பிள்ளைகளும் எங்களிடம் உண்டு. அந்த ஆபத்துக்குக் காரணமானவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவர்களுக்கு இல்லத்தை விட்டால் வேறு வழியே இல்லையா?


மறுமொழி 1-இன் ஆசிரியர் மீண்டும்

வழி உண்டு, சகோதரி. குடும்பம் என்றால் பிறந்த வீடு மட்டும் என்று குழுவும் கருத வேண்டியதில்லை. அத்தை, சித்தி, பெரியம்மா, தாய்வழிப் பாட்டி என்று ஒவ்வொருவரையும் தேட வேண்டும். அந்தத் தேடலைப் பிள்ளையிடமிருந்தே தொடங்குங்கள்: "யார் வீட்டுக்குப் போனால் உனக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். கோப்பில் எங்கும் இல்லாத ஒரு பெயர் வரும். உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கும் நிதி ஆதரவு கிடைக்கும் என்பதால் அவர்கள் சுமையாக எண்ணித் தயங்கத் தேவையில்லை. ஆபத்துக்குக் காரணமானவர் அந்த வீட்டுக்கும் வந்துபோகிறாரா என்பதை மட்டும் கண்டிப்பாக விசாரித்துக்கொள்ளுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால், பிள்ளையைச் சாட்சி சொல்லாதபடி வற்புறுத்தக்கூடிய உறவினர் யார் யார் என்பதையும் அறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

உறவினர் எவரும் இல்லாத பிள்ளைக்கு 44-ஆம் பிரிவின்படி வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது. தத்தெடுப்பைப் போல அது பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவை அறுப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடும்பம் குறிப்பிட்ட காலத்துக்குப் பிள்ளையைத் தன் வீட்டில் வளர்க்கிறது. நம் மாவட்டங்களில் இதற்கு முன்வரும் குடும்பங்கள் இன்னும் குறைவு என்பதால், இல்லங்களே தங்களுக்குத் தெரிந்த நல்ல குடும்பங்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அறிமுகப்படுத்தலாம். சிறு குழந்தைகளுக்கு இதில் காலமும் முக்கியம். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுள் யாருக்காவது மிகச் சிறிய வயதுத் தம்பியோ தங்கையோ வேறு இல்லத்தில் இருந்தால், அந்தக் கோப்பை முதலில் எடுங்கள்.

குழுவின் அடுத்த அமர்வுக்கு எல்லாப் பிள்ளைகளின் கோப்புகளையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டாம். தாயோடு பேசி, சான்றுகள் சேர்த்து, பள்ளியில் இடம் உறுதியான மூன்று நான்கு பிள்ளைகளின் கோப்புகளைத் தயாராக எடுத்துப் போய், 97-ஆம் பிரிவின்படி அறிக்கையோடு வையுங்கள். நிதி ஆதரவு விண்ணப்பத்தையும் அதே நாளில் கொடுங்கள். முதல் தவணை வருவதற்குச் சில மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், அந்த இடைவெளியில் அரிசி பருப்புக்கும் பள்ளிச் சீருடைக்கும் உங்கள் நன்கொடையாளர் ஒருவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.